கணினி முன் தனியாகப் பல் மருத்துவம் படித்த அனுபவம்

2020ஆம் ஆண்டில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, நோயாளியின் வாயைத் தொடுவதற்கு முந்தைய செய்முறைப் பயிற்சிக் கட்டத்தில் நான் இருந்தேன். மெழுகில் பல் செதுக்குவது, செயற்கைப் பற்களில் குழி வெட்டுவது, எக்ஸ்ரே படங்களைப் பார்க்கப் பழகுவது என அந்தக் கட்டம் முழுவதுமே கையையும் கண்ணையும் பழக்குகிற காலம். கல்லூரி எங்களுக்கு ஒரு கடவுச்சொல்லையும் பாடத்தொகுதிகளின் பட்டியலையும் அனுப்பி, அவரவர் வசதிப்படி தாமாகவே படித்து முடிக்கச் சொன்னது. அது போதாது என்று தோன்றியதால் வெளியே ஒரு நிறுவனம் விற்ற கணினிவழிப் பாடங்களுக்கும் ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினேன். இரண்டு பட்டியல்களையும் ஒன்று விடாமல் முடித்தேன். அதன் பிறகும் செய்முறைத் தேர்வில் தேறாமல் ஒரு பருவம் பின்தங்கினேன். மறுதேர்வுக் கட்டணம், கூடுதலாக வாங்க நேர்ந்த செயற்கைப் பற்கள், பாதி ஆண்டுகூடப் பயன்படாத சந்தா என்று பணமும் போயிற்று. இவற்றில் பெரும்பாலானவற்றை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கணினிவழிக் கற்றலே பயனற்றது என்பது என் கருத்தன்று. மருத்துவத் துறையில் இணையவழிக் கற்றல் குறித்து நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2008இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, ஒன்றுமே கற்பிக்காமல் விடுவதைவிட அது பெரும் பயன் தருகிறது என்றும், மரபான வகுப்புமுறையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ அதற்கு ஈடாகவே நிற்கிறது என்றும் காட்டியது. ஆகவே குறை கணினியில் இல்லை. ‘தாமாகவே’ என்று எங்களிடம் ஒப்படைக்கப்பட்டதில் என்னென்ன வேலைகள் அடங்கியிருந்தன என்பதை எவரும் சொல்லவில்லை என்பதே என் குறை. தன்வழிக் கற்றலைப் பற்றி கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1975இல் தந்த விளக்கத்தில், தனக்கு எது தெரியவில்லை என்று கண்டறிவது, இலக்கு வகுப்பது, பாடங்களைத் தேடிக்கொள்வது, படிக்கும் முறையைத் தேர்வது, கடைசியில் கற்றதை மதிப்பிடுவது என எல்லாமே கற்பவரின் பொறுப்பில் வருகின்றன. அவற்றைப் பிறர் உதவியோடும் செய்யலாம் என்பதையும் அவர் அதிலேயே சேர்த்திருக்கிறார். எங்களுக்குக் கிடைத்தது இவற்றுள் ஒன்று மட்டும், அதாவது பாடங்கள். மற்ற நான்கும் யார் கையிலும் இல்லாமல் நின்றன.

என்னை மிகவும் ஏமாற்றியது ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும் விழுகிற பச்சைக் குறி. இத்தகைய பாடத்தொகுதிகள் பலவும் ஸ்கார்ம் என்ற வடிவத்தில் தயாரிக்கப்பட்டு, மாணவர் எதுவரை வந்திருக்கிறார் என்பதைக் கல்லூரியின் கற்றல் தளத்துக்குத் தெரிவிக்கின்றன. அதன் பழைய 1.2 பதிப்பில் ‘முடித்தார்’ என்பதும் ‘தேறினார்’ என்பதும் ஒரே கட்டத்தில் பதிவாகும். 2004ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தன. கடைசிப் பக்கம் திறந்தாலே ‘முடித்தார்’ என்று எழுதும்படி பாடத்தைத் தயாரித்தவர் அமைத்திருந்தால், பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போகிறவருக்கும் பச்சைக் குறி கிடைத்துவிடும். எனக்குக் கிடைத்தவற்றில் பல அத்தகையவை என்பது பிறகு ஒரு பாடத்தைச் சோதித்துப் பார்த்தபோது தெரிந்தது. ஒரு வரியும் படிக்காமல் அம்புக்குறியை மட்டும் அழுத்திக்கொண்டே போனேன், பச்சை வந்துவிட்டது. அந்த மாலை எனக்கு ஏற்பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமன்று. எனவே, உங்கள் தளத்தில் அந்தக் குறி எதற்காக விழுகிறது என்பதை முதல் நாளே இப்படிச் சோதித்துவிடுங்கள்.

பாடத்தின் முடிவில் வரும் தேர்ந்தெடுத்து விடையளிக்கும் வினாக்களும் இதே கதைதான். வினாக்களின் இருப்பு சிறியது. அவையே இடம் மாறி மாறி வரும். சில முறை எழுதியதும் விடையின் நீளமும் அதன் முதல் சொல்லும் நினைவில் நின்றுவிடும். பாடம் நினைவில் நிற்காது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அங்கே அவர்கள் எழுதியது வெற்றுத் தாளில், நான்கு விடைகளுக்குள் ஒன்றைத் தொட்டு அன்று. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் செய்தது எளிய வேலை. பாடம் முடிந்ததும் கணினியை மூடிவிட்டு, மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுடைய மெல்லும் பரப்பை நினைவிலிருந்து வரைவேன். நான்கு முகடுகள், அண்ணத்துப் பக்கமும் முன்பக்கமுமாக உள்ள முகட்டிலிருந்து கன்னத்துப் பக்கமும் பின்பக்கமுமாக உள்ள முகட்டுக்குக் குறுக்காகச் செல்லும் சாய்வு வரப்பு, அண்ணத்துப் பக்கத்தில் சில பற்களில் மட்டும் காணப்படும் காரபெல்லி முகடு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். முதன்முறை வரைந்தபோது அந்தச் சாய்வு வரப்பு எந்தத் திசையில் சாய்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாடத்தில் நான் வாங்கியிருந்தது முழு மதிப்பெண்.

காரணத்தை யோசித்தபோது அது முப்பரிமாண மாதிரியிலேயே இருந்தது புலப்பட்டது. திரையில் பல்லை எப்படி வேண்டுமானாலும் சுழற்றலாம், தலைகீழாகவும் நிறுத்தலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சுழற்றச் சுழற்ற, எது முன்பக்கம், எது பின்பக்கம், இது வலப்பக்கத்துப் பல்லா இடப்பக்கத்துப் பல்லா என்ற உணர்வு கலைந்துகொண்டே போகிறது. பெரும்பாலான மாதிரிகள் பெயரையும் பல்லின் மேலேயே ஒட்டிக் காட்டுவதால், அடையாளம் காணும் வேலை கண்ணுக்கு வருவதே இல்லை. பெயர்ப்பட்டைகளை அணைத்து வைக்கும் வசதி இருந்தால் அதை முதலில் அணையுங்கள். பல்லை ஏதாவதொரு கோணத்தில் நிறுத்திவிட்டு, அது எந்தப் பல், எந்தப் பக்கம், எப்படித் தெரிந்தது என்று மூன்றையும் எழுதிவிட்டுப் பிறகு பெயரைப் பாருங்கள். ‘எப்படித் தெரிந்தது’ என்ற மூன்றாவது கேள்விதான் வாய்மொழித் தேர்வில் வரும்.

அடுத்தது பல் எண்கள். இது சின்னச் செய்தியாகத் தோன்றும், ஆனால் எனக்கு நேர்ந்த குழப்பங்களில் மிகவும் ஆபத்தானது இதுதான். எங்கள் கல்லூரி பயன்படுத்தியது எஃப்டிஐ முறை. அதில் முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதையும், இரண்டாம் இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் காட்டும். நான் சந்தா கட்டிய பாடங்களோ அமெரிக்காவில் வழங்கும் யுனிவர்சல் முறையில் இருந்தன. அதில் மேல் வலப்பக்கத்து ஞானப்பல்லிலிருந்து 1 தொடங்கி, மேல் இடப்பக்கத்து ஞானப்பல் 16 ஆகி, கீழே இறங்கி 17இல் தொடர்ந்து, கீழ் வலப்பக்கத்து ஞானப்பல்லில் 32 என்று முடியும். ஆகவே 16 என்று எழுதினால் ஒரு முறையில் மேல் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல், மற்றொன்றில் மேல் இடப்பக்கத்து ஞானப்பல். 19, 30 போன்ற எண்கள் எஃப்டிஐ முறையில் இல்லாததால் அவை வந்தவுடன் சந்தேகம் எழும். 11 முதல் 18 வரையும், 21 முதல் 28 வரையும், 31, 32 ஆகியவையும் இரண்டிலும் உண்டு என்பதால் அவை சந்தேகமே எழுப்பாமல் தவறான பல்லுக்கு நம்மைக் கொண்டுபோய்விடும். பல மாதங்கள் ஒரு முறையில் காது பழகி, தேர்வறையில் மற்றொரு முறையில் கேள்வி வந்தபோது என் நாக்கு ஒட்டிக்கொண்டது. நாளை இது ஒரு நோயாளியின் வாயில் நடந்தால் பிடுங்கப்படுவது வேறொரு பல்லாகிவிடும். பாடத்தைத் திறந்ததும் அது எந்த எண்முறையில் எழுதப்பட்டது என்று பாருங்கள். எஃப்டிஐ எண்களைப் ‘பதினாறு’ என்று படிக்காமல் ‘ஒன்று ஆறு’ என்றே வாய்விட்டுப் படியுங்கள். குறிப்பு எழுதும்போது எண்ணோடு பல்லின் முழுப்பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

எக்ஸ்ரே பாடங்களைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பற்களின் இடைப்பரப்பில் தோன்றும் சொத்தையைக் காண எடுக்கும் பைட்விங் படங்களை நான் மடிக்கணினியில், பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். பல்லின் மேலுறையான எனாமலில் ஒரு சாம்பல் நிழலைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலைக்கு அதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. விலை குறைந்த மடிக்கணினித் திரைகளில் பலவும், சற்றே சாய்த்துப் பார்த்தால் கருமையும் வெண்மையும் மாறிக் காட்டுபவை. ஒரே படத்தில் திரையைப் பின்னுக்குச் சாய்த்தால் சொத்தை தெரியும், நேரே நிமிர்த்தினால் மறையும். அறையை மங்கலாக்கி, திரைக்கு நேர் எதிரே, கண் மட்டத்தில் வைத்துப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. கைபேசியில் பிடித்து வைத்த திரைநகல்களை நம்பி எக்ஸ்ரே படிக்க வேண்டாம். அவை சுருக்கப்படும்போது முதலில் தொலைவது நமக்கு வேண்டிய அந்த மெல்லிய நிழல்தான்.

ஆனால் திரையைவிடப் பெரிய சிக்கல் படங்களின் தேர்வில் இருந்தது. பாடத்தில் வரும் ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒரு நோய் இருக்கும். அது பெரியதாகவும், அம்புக்குறி இட்டதாகவும், சரியான இடத்தில் பெரிதாக்கப்பட்டதாகவும் இருக்கும். நிஜத்தில் நம் கைக்கு வரும் படங்களிலோ நலமான பரப்புகளே மிகுதி. அடுத்தடுத்த பற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைத்திருக்கும். பல்லின் கழுத்துப் பகுதியில், எனாமலுக்கும் எலும்பு விளிம்புக்கும் நடுவே, கதிர் எளிதாக ஊடுருவுவதால் ஒரு கருமை விழும். அது சொத்தை அன்று, செர்விக்கல் பர்ன்அவுட் என்று பெயர். வெண்மையான எனாமலும் அதற்கு உள்ளே இருக்கும் சற்றுக் கருத்த டென்டினும் சந்திக்கும் கோட்டில் கண்ணே ஒரு கருங்கோட்டைக் கற்பித்துக்கொள்ளும், அதற்கு மாக் பட்டை என்று பெயர். இதற்கு மறுபுறமும் உண்டு. கனிமச் சத்து ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு வரை கரைந்த பிறகுதான் சொத்தை எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்குகிறது என்பார்கள், ஆகவே படம் தெளிவாக இருப்பதாலேயே பல் நலமாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. எங்கும் நோய் உண்டு என்றே பழக்கப்பட்ட கண்ணோடு தேர்வுக்குப் போன நான், நலமான பற்களிலெல்லாம் சொத்தை கண்டேன். ‘எதுவும் இல்லை’ என்ற விடையை எந்தப் பாடமும் என்னிடம் கேட்டதில்லை. ஆசிரியர்களிடம் கேட்டு, நோயாளியின் பெயர் நீக்கப்பட்ட நலமான படங்களையும் வாங்கி, இரண்டையும் கலந்து பாருங்கள். அம்புக்குறியைத் திறக்கும் முன் எந்தப் பல், எந்தப் பரப்பு, எனாமலோடு நிற்கிறதா டென்டினுக்குள் போயிருக்கிறதா என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாமல் மனத்துக்குள் சொல்லிக்கொண்டால், விடையைப் பார்த்ததும் ‘நானும் இதைத்தான் நினைத்தேன்’ என்று மனம் சமாளித்துவிடும்.

ஆய்வுக்கூடம் மறுபடி திறந்தபோதுதான் முழு அடி விழுந்தது. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் அமால்கம் என்ற உலோகக் கலவையை நிரப்புவதற்கான இரண்டாம் வகைக் குழி, அதாவது மெல்லும் பரப்போடு பக்கத்துப் பல்லை ஒட்டிய பரப்பையும் சேர்த்து வெட்டுவது. அதன் அளவுகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். வரிசையும் மனப்பாடம். திரையில் அதை எத்தனையோ முறை வெட்டியிருந்தேன். ஆனால் திரையில் பல் தனியாக நின்றது, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்தது, ஓரத்தில் ஆழத்தைக் காட்டும் அளவுகோலும் ஓடியது. பயிற்சிக்கான பொம்மைத் தலையான ஃபாண்டம் தலைக்குள் அந்தப் பல்லுக்கு அண்டைப் பற்கள் இருந்தன. குழியின் பக்கப் பகுதியான இடைப்பெட்டியை இறக்கியபோது பக்கத்துப் பல்லின் பரப்பில் பர் என்ற சுழலும் வெட்டுமுனை உரசிக் கோடு போட்டது. அதை நான் பார்க்கவே இல்லை, பார்த்தவர் ஆசிரியர். தண்ணீர் தெறித்து வாய்க்கண்ணாடி மறைந்தது. மேற்பற்களை அந்தக் கண்ணாடியில் பார்த்து வேலை செய்யும்போது கை போகவேண்டிய திசை கண்ணுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. விரலை எங்கே ஊன்றி நிற்பது என்பதே எனக்குத் தெரியவில்லை. சுட்டியைப் பிடித்த கைக்கு ஊன்றுவிரல் எதற்கு? வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இவ்வளவு நேரம் செலவழித்து என்னதான் கற்றேன் என்று அன்று இரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.

பிறகு நிதானமாகப் பிரித்துப் பார்த்தேன். வரிசை, அளவு, எதற்காக அந்த வடிவம் என்ற காரணம் ஆகியவற்றைக் கணினி நன்றாகவே கற்றுத் தந்திருந்தது. மறுதேர்வுக்கு நான் அவற்றைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. கைக்கு உரியதைக் கைதான் கற்க வேண்டும். அதில் சிலவற்றை வீட்டிலிருந்தே தொடங்கியிருக்கலாம். ஒரு சிறு கண்ணாடியை நிறுத்தி, கையை நேரடியாகப் பார்க்காமல் பிம்பத்தை மட்டும் பார்த்துத் தாளில் உள்ள வடிவங்களின் மேல் கோடு ஓட்டுவது, வாய்க்கண்ணாடிக்குக் கண்ணையும் கையையும் பழக்கும் எளிய பயிற்சி. மோதிர விரலை ஊன்றிக்கொண்டு பென்சில் முனையை மட்டும் நகர்த்திப் பழகுவது மற்றொன்று. கூடத்துக்குத் திரும்பியபோது ஒரு மூத்த மாணவி சொல்லித் தந்த கணக்கு எல்லாவற்றையும்விட உதவியது. 245 எண் பர்ரின் தலை 3 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. விட்டம். ஆகவே தலையில் பாதி இறங்கினால் 1.5 மி.மீ. ஆழம். கையில் இருக்கும் கருவியே அளவுகோல். திரையின் ஓரத்தில் ஓடிய அந்த அளவுகோலை நம்பியிருந்தவரை இது எனக்குத் தோன்றவே இல்லை. கையில் எதிர்விசை உணரவைக்கும் சிமுலேட்டர்கள் சில கல்லூரிகளில் உண்டு. கிடைத்தால் விடாதீர்கள். அவற்றில் எனாமலுக்கும் டென்டினுக்கும் உள்ள கடினத்தின் வேறுபாடு கைக்குத் தெரியும். சுட்டியில் அது வராது.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். அந்த நிறுவனத்தின் ஊடாடும் பாடங்களில் பெரும்பகுதி ஃப்ளாஷ் என்ற பழைய தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டவை. ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் அந்த உள்ளடக்கம் இயங்குவதே தடுக்கப்பட்டது. இது வானத்திலிருந்து விழுந்த செய்தி அன்று, அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் 2017இலேயே அறிவித்துவிட்டது. அப்படியிருந்தும் 2020இல் எனக்கு ஓராண்டுச் சந்தா விற்கப்பட்டது. ஜனவரியில் பாடங்கள் வெற்றுப் பெட்டிகளாக நின்றன. புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது, பணம் திரும்பவில்லை. பணத்தைவிட வலித்தது, பாடங்களுக்குள்ளேயே நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் அவற்றோடு போனது. இன்று ஃப்ளாஷ் பாடம் யாரும் விற்கப்போவதில்லை, ஆனால் நாளை வேறொன்று வழக்கொழியும். ஆகவே பாடங்கள் கடைசியாக எந்த ஆண்டில் திருத்தப்பட்டன, எழுதியவர் யார், தவறான விடைக்குக் காரணம் சொல்கிறதா, குறிப்புகளைத் தனிக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். மாதச் சந்தா சற்று அதிகமாகத் தெரிந்தாலும் அதுவே பாதுகாப்பு. குறிப்புகளைக் கையேட்டிலோ உங்கள் சொந்தக் கோப்பிலோ மட்டும் வையுங்கள்.

தனிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்த்தாலே நமக்கு மட்டும் புரியவில்லையா, எல்லாருக்குமா என்பது தெரிந்துவிடும். திரையின் முன் அது தெரியாது. மருத்துவர்கள் தம்மைத் தாமே மதிப்பிடுவது குறித்த ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியான ஒரு மீளாய்வு, அந்த மதிப்பீடு பெரும்பாலும் வெளியார் அளவீட்டோடு பொருந்துவதில்லை என்று காட்டியது. தேர்ந்த மருத்துவர்களுக்கே அந்த நிலை என்றால் மாணவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மறுதேர்வுக்குத் தயாரானபோது ஒரு வகுப்புத் தோழியும் நானும் வாரந்தோறும் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டோம். வரைந்ததையும் எழுதிய எக்ஸ்ரே வரிகளையும் மாற்றிக்கொண்டு, பாடத்தில் உள்ள விடையைப் பார்க்காமல் ஒருவர் மற்றவருடையதைத் திருத்துவோம். இருவரும் வேறு வேறு விடை சொல்கிற இடங்களை மட்டும் ஆசிரியருக்கு எழுதுவோம். ‘இந்தப் பாடம் புரியவில்லை’ என்று முன்பு நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே வந்ததில்லை. ‘இந்தப் படத்தில் 46இன் முன்பரப்பில் தெரியும் கருமையை நான் பர்ன்அவுட் என்கிறேன், தோழி சொத்தை என்கிறாள், எங்கள் காரணங்கள் இவை’ என்று எழுதியபோது அன்றே பதில் வந்தது. சில நேரம் தொலைபேசியிலேயே அழைத்து விளக்கினார்.

மறுதேர்வில் தேறிவிட்டேன். இப்போது தாடையின் முப்பரிமாண ஸ்கேன் படங்களைப் படிப்பதற்கான ஒரு பாடத்தைக் கணினிவழியே, மறுபடியும் தனியாகத்தான் படிக்கிறேன். மாதச் சந்தா. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் என் அறிக்கையை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகே அவர்கள் தந்திருக்கும் அறிக்கையைத் திறக்கிறேன். இரண்டும் மாறுபடும் படங்களைத் தனியே எடுத்து வைத்து, மாதத்துக்கு ஒருமுறை எங்கள் துறையின் கதிரியக்கப் பேராசிரியரிடம் கொண்டுபோகிறேன். அந்தப் பாடத்தின் எண்முறை யுனிவர்சல் என்பதால், இரு முறைகளையும் பக்கம் பக்கமாக எழுதிய ஓர் அட்டை திரையின் கீழே ஒட்டியிருக்கிறது.